முழங்கால் மூட்டை மாற்றியவரிடம் ஒரு வருடம் கழித்து எதைக் கேட்பது?

கேள்வி
எழுதியவர்: கோணமானி, யாழ்ப்பாணம்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலையின் என்பியல் பிரிவில் பணியாற்றும் இளநிலை வைத்தியர் நான். எமது சத்திரசிகிச்சை நிபுணர், தாம் முழங்கால் மூட்டை மாற்றிய நோயாளர் இப்போது எப்படி இருக்கின்றனர் என்பதை முறையாக ஆராய விரும்புகிறார். சத்திரசிகிச்சை முடிந்து ஒரு வருடத்தைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 60 பேர் இருக்கின்றனர். இனிச் செய்யப்படவிருப்பவர்களையும் தொடர்ந்து சேர்த்துக்கொள்வது அவருடைய எண்ணம். படிவம் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

பல நாடுகளில் பயன்படும் ஒக்ஸ்போர்ட் முழங்கால் வினாக்கொத்தையே எடுப்பதென்று முடிவாயிற்று. 1998 இல் வெளிவந்த இந்த வினாக்கொத்தில் 12 வினாக்கள் உள்ளன. கடந்த நான்கு வாரங்களை மட்டும் நினைவில் வைத்து, ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். விடைக்கு 0 முதல் 4 வரை புள்ளி. ஒரு குறையும் இல்லாவிட்டால் கூட்டுத்தொகை 48. காகிதத்தில் பார்த்தபோது எளிதாகவே தெரிந்தது. வினாக்களை நானே தமிழில் எழுதிக்கொண்டு, ஒத்திகை பார்ப்போம் என்று, கிளினிக்குக்கு வந்த 71 வயது அம்மா ஒருவரிடம் வாசித்தேன்.

சாப்பிட்டு முடித்து மேசையடியில் கதிரையிலிருந்து எழும்பும்போது எவ்வளவு நோகிறது என்பது ஐந்தாம் வினா. "மேசையிலை வைச்சு ஆர் பிள்ளை சாப்பிடுறது?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். மாடிப்படிகளில் இறங்க முடியுமா என்பது பன்னிரண்டாம் வினா. அவருடைய வீட்டில் வாசற்படி மூன்றைத் தவிர வேறு படி கிடையாது. வீட்டுச் சாமான்களைத் தனியே போய் வாங்கிவர முடியுமா என்றதற்கு, கால் நன்றாக இருந்த காலத்திலும் சந்தைக்குப் போனது கணவர்தான் என்றார். முழங்காலில் நின்று மறுபடி எழும்ப முடியுமா என்று ஏழாம் வினாவைக் கேட்டதும், "ஊன்றவே கூடாதெண்டு டொக்டர் சொன்னவர், நான் ஒருக்காலும் செய்து பார்க்கேல்லை" என்றார். அதற்குப் பூச்சியம் போட்டேன்; போட்ட பிறகு மனம் ஒப்பவில்லை. அந்த அம்மா இரவில் நோவில்லாமல் உறங்குகிறார், கோயிலுக்கு நடந்து போய் வருகிறார். ஆனால் நிலத்தில் இருந்து திருவலையில் தேங்காய் துருவ முடியவில்லை என்பதுதான் அவருக்குப் பெருங்குறை. அதைக் கேட்பதற்கு 12 வினாக்களில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே, இந்த வினாக்களை எமது வாழ்க்கைக்கு ஏற்றபடி மாற்றி எழுதலாமா என்பது என் முதற் கேள்வி. இந்த 60 பேரிடமும் சத்திரசிகிச்சைக்கு முன் எந்த வினாக்கொத்தும் நிரப்பப்படவில்லை. அப்போது எப்படி இருந்தது என்று இப்போது நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லலாமா என்பது அடுத்தது. நிபுணர் தமக்கு நோயாளர் எல்லோரையும் நன்கு தெரியும் என்பதால் தாமே கிளினிக்கில் வினாக்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வதாகச் சொல்கிறார். அது சரியில்லை என்று உள்மனம் சொல்கிறது, ஆனால் அவரிடம் எடுத்துச் சொல்வதற்குரிய காரணம் எனக்குத் தெளிவாகப் பிடிபடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

மறுமொழி 1
எழுதியவர்: எண்ணும் எழுத்தும்

மருத்துவப் புள்ளிவிபரவியல் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முழங்காலைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம்.

நீங்களாகத் தமிழாக்கிய தாளை முதலில் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுங்கள். அந்த வினாக்கொத்துக்கு உரிமை உண்டு; ஆய்வுக்குப் பயன்படுத்த ஒக்ஸ்போர்டிடமிருந்து அனுமதி பெற வேண்டும். மொழிபெயர்ப்புக்கும் வகுக்கப்பட்ட வழி இருக்கிறது: இருவர் தனித்தனியே தமிழாக்கி, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைக் கண்டிராத ஒருவரைக் கொண்டு மறுபடியும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், மூலத்துடன் ஒப்பிட்டு, பின்னர் சில நோயாளரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் அவர்கள் என்னவென்று விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்டறிய வேண்டும். ஆயத்தமான தமிழ் வடிவம் ஒன்று கைக்கு வந்தாலும் கடைசிப் படியைத் தவறவிடாதீர்கள்; அதில் கதிரை நாற்காலியாக இருக்கக்கூடும், வேறு என்னென்ன இருக்குமோ. 1847 இல் இங்கு வந்த சமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பதற்காக நூல்களை மொழிபெயர்த்து, சொல் சொல்லாகத் தேடியலைந்த ஊர் இது. ஒரு பக்க வினாக்கொத்துக்கு நாம் அந்தப் பாட்டில் நூறில் ஒரு பங்கு படலாம்.

வினாக்களை மாற்றலாமா என்றால், மாற்றக் கூடாது. இந்த 12 வினாக்களின் பெறுமதியே அவை எங்கும் ஒன்றாக இருப்பதில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் 2009 முதல் அரச செலவில் முழங்கால் மாற்றப்படும் நோயாளரிடம் சத்திரசிகிச்சைக்கு முன்னும் ஆறு மாதங்களுக்குப் பின்னும் இதே வினாக்கள் கேட்கப்பட்டு வந்தன. அங்கே சராசரி நோயாளர் 19 புள்ளியளவில் தொடங்கி 35 அளவில் வந்து நிற்கிறார். மேசையை எடுத்துவிட்டுப் பாயைப் போட்டால், உங்கள் 35 உம் அவர்களுடைய 35 உம் ஒரே எண்ணாக எழுதப்பட்ட இரு வேறு பொருள்களாகிவிடும். அதற்குப் பதிலாக இரண்டாவது தாள் ஒன்றைச் சேருங்கள். நிலத்தில் இருந்து எழும்புதல், குந்தியிருத்தல், சப்பாணி கட்டி இருத்தல், கிணற்றடியில் குளித்தல், சைக்கிள், மினிபஸ்ஸின் உயரமான மிதிபலகை என்று இந்த ஊர் முழங்கால் செய்யும் வேலைகளை அதில் கேளுங்கள். அதன் புள்ளிகளை 48 உடன் கலக்க வேண்டாம், தனியாகவே அறிக்கையிடுங்கள்.

தமக்குப் பொருந்தவில்லை என்று நோயாளர் சொல்லும் வினாவுக்கு நீங்களாகப் பூச்சியம் போடக் கூடாது. அதை வெறுமையாக விட வேண்டும். இரண்டு வினாக்கள் வரை விடுபட்டால் மற்ற விடைகளின் சராசரியைக் கொண்டு நிரப்பலாம், அதற்கு மேல் விடுபட்டால் கூட்டுத்தொகையே கணக்கிடக் கூடாது என்பது அந்த வினாக்கொத்தின் விதி. விடுபடும் வினாக்கள் எவை, எத்தனை பேரிடம் என்பதையும் எண்ணி எழுதுங்கள். யாழ்ப்பாணத்து ஆய்வுக்கு அதுவே ஒரு பெறுபேறு.

நினைவுபடுத்திக் கேட்பதை நான் ஏற்கவில்லை. இன்று எப்படி இருக்கிறார் என்பதைப் பொறுத்து, அன்றைய நோவைப் பற்றிய ஒருவரின் நினைவும் மாறிவிடுவது மனித இயல்பு. ஒருவர் இன்று 34 இல் நிற்கிறார் என்பது தனியே எதையும் சொல்லாது. 12 இலிருந்து வந்தாரா, 30 இலிருந்து வந்தாரா என்று தெரிந்தால்தான் பேசலாம். ஒரு குழுவில் சராசரியாக 9 புள்ளியளவு முன்னேற்றம் இருந்தால்தான் நோயாளருக்கு அது உணரத்தக்க மாற்றம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எனவே கையில் இருக்கும் 60 பேரைப் பற்றி, அவர்கள் இன்று எப்படி இருக்கின்றனர் என்பதை மட்டும் சொல்லுங்கள். சத்திரசிகிச்சையால் எவ்வளவு மாறினர் என்பதை, இனிமேல் வருபவர்களிடம் திகதி குறிக்கும் நாளிலேயே ஒரு தாளை நிரப்பி வைத்துச் சொல்லுங்கள்.

அந்த முதல் நாள் தாளில் இன்னொரு வினாவும் இருக்க வேண்டும்: இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீங்கள் செய்ய விரும்பும் காரியம் எது? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1703 நோயாளரிடம் கேட்டறிந்து 2010 இல் வெளியான ஆய்வில், முழங்கால் மாற்றியவர்களுள் 19 சதவீதத்தினர் திருப்தியில்லை என்றனர். அதற்கு மிக வலுவான காரணமாகக் கண்டறியப்பட்டது, எதிர்பார்த்தது கிடைக்காமையே. நோயாளர் எதை எதிர்பார்த்தார் என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் அதைப் பின்னர் எங்கே போய்த் தேடுவது?

இனி உங்கள் நிபுணர் தாமே கேட்பது பற்றி. எமது ஊரில் டொக்டர் உள்ளே வந்தால் உட்கார்ந்திருக்கும் கிழவர் எழுந்து நிற்பார். தன் காலை அறுத்துப் பொருத்திய அதே மனிதர் எதிரே இருந்து "இப்போது எப்படி?" என்று கேட்டால், "நல்லம், டொக்டர்" என்பதைத் தவிர வேறு என்ன மறுமொழி வரும்? அது பொய்யன்று, மரியாதை. ஆனால் மரியாதைக்குப் புள்ளி போட முடியாது. சத்திரசிகிச்சைக் குழுவில் இல்லாத ஒருவர் கேட்க வேண்டும், முடிந்தால் வைத்தியசாலைக்கு வெளியே. நிபுணரிடம் இதைச் சொல்லும்போது அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசாமல் நோயாளரின் கூச்சத்தைப் பற்றிப் பேசினால் அவர் சினக்க மாட்டார்.

கடைசியாக, கிளினிக்குக்கு வருபவர்களை மட்டும் எண்ணாதீர்கள். இடுப்பு மூட்டு மாற்றிய நோயாளரைத் தொடர்ந்த பிரித்தானிய ஆய்வொன்று, இடைநடுவில் வராமல் விட்டவர்களின் நிலை கடைசியாக வந்த நாளிலேயே மற்றவர்களைவிட மோசமாக இருந்ததை 1997 இல் காட்டியது. வராதவர் நலமாக இருப்பதால் வரவில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பிள்ளைகளுடன் வெளிநாடு போனவர்களை வட்ஸ்அப்பில் பிடியுங்கள். 60 பேரில் எத்தனை பேர் அகப்படவில்லை, எத்தனை பேர் இறந்துவிட்டனர் என்பது உங்கள் அறிக்கையின் முதல் பந்தியில் வர வேண்டும்.

மறுமொழி 2
எழுதியவர்: பழைய கத்தி

ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சையாளன் நான். மேலே எழுதிய ஐயாவின் அறிவுரைகளுடன் எனக்குப் பெரிய பிணக்கில்லை. ஆனாலும் தேங்காய் துருவுவதில் தொடங்கினால் ஆய்வு எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. முழங்காலை நாம் மாற்றுவது நோவைத் தீர்ப்பதற்காகவும் நடக்க வைப்பதற்காகவும்தான். நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கலாம் என்று நான் எந்த நோயாளருக்கும் வாக்களித்ததில்லை.

முதலில் எண்ண வேண்டியவை வன்மையான பெறுபேறுகள்: மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டதா, கிருமித்தொற்று வந்ததா, காலில் இரத்தம் உறைந்ததா, மீண்டும் வாட்டில் அனுமதிக்கப்பட்டாரா. சுவீடன் 1975 இலேயே முழங்கால் மாற்றுகளுக்கென நாடளாவிய பதிவேடு தொடங்கியது. எந்த மூட்டு உழைக்கிறது, எது உழைக்கவில்லை என்று உலகம் கற்றுக்கொண்டது அப்படிப்பட்ட பதிவேடுகளிலிருந்துதான். அவுஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019 இல் வெளிவந்த கணிப்பின்படி, முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால்களில் ஏறத்தாழ 82 சதவீதம் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. இதைவிட நல்ல செய்தியை வயது முதிர்ந்த நோயாளருக்கு எதைக் கொண்டு சொல்வது? நீரிழிவு இங்கு வீட்டுக்கு வீடு உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த ஏச்பிஏ1சி அளவை, அதாவது கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சீனியைக் காட்டும் அளவை, தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள், தொற்றுடன் அதற்குத் தொடர்பு உண்டு. இடது, வலது என்று எந்தக் கால் என்பதையும் எழுதுங்கள். சிரிக்காதீர்கள், அதை எழுதாத படிவங்களை நான் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 3
எழுதியவர்: எண்ணும் எழுத்தும்

பெரியவருக்கு வணக்கம். நீங்கள் சொன்ன அனைத்தையும் குறிக்கத்தான் வேண்டும். ஆனால் 60 பேரைக் கொண்டு அவற்றில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 60 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்று வையுங்கள். உடனே "எமது பிரிவில் தொற்று பூச்சியம்" என்று எழுதக் கை துடிக்கும். ஒரு நிகழ்வும் காணப்படாதபோது மூன்றை ஆட்தொகையால் வகுத்தால் கிடைப்பதே, 95 சதவீத நம்பிக்கையுடன் சொல்லக்கூடிய மேல் எல்லை. மூன்றை அறுபதால் வகுத்தால் 5 சதவீதம். உலகில் பொதுவாகக் காணப்படும் தொற்று வீதமே 1 அல்லது 2 சதவீதம்தான். ஆகவே உங்கள் பூச்சியம், உலகச் சராசரியைவிட நாம் சிறந்தவர்கள் என்பதற்கோ மோசமானவர்கள் என்பதற்கோ சான்றாகாது.

மேலும், பதிவேட்டில் ஒரு மூட்டு "நிலைத்தது" என்றால், அது மறுபடி மாற்றப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். இரவு முழுவதும் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் 80 வயதுக்காரர், இன்னொரு முறை கத்தி வேண்டாம் என்று மறுத்துவிட்டால், அவருடைய மூட்டும் அந்த 82 சதவீதத்துக்குள்தான் வரும். நெடுங்கால நோவைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2012 இல் வெளியான மீளாய்வு, முழங்கால் மாற்றியவர்களில் 10 முதல் 34 சதவீதத்தினருக்கு நோ தொடர்ந்தது என்று கண்டது. இரு எண்களும் உண்மையே, ஒரே முழங்காலைப் பற்றியவையே.

மறுமொழி 4
எழுதியவர்: சுன்னாகத்து இயன்மருத்துவர்

கேள்வி எழுதிய தங்கச்சிக்கு: உங்கள் தாளில் மிக முக்கியமான இடம், நீங்கள் மனம் ஒப்பாமல் போட்ட அந்தப் பூச்சியம்தான்.

நான் பதினைந்து ஆண்டுகளாக மாற்று முழங்கால்களை மடக்கியும் நீட்டியும் வருகிறேன். முழங்காலில் நின்று எழும்ப முடியுமா என்று கேட்டால் பெரும்பாலானோர் முடியாது என்பார்கள். ஏன் என்று தொடர்ந்து கேட்டால் ஒருவர் நோகிறது என்பார். இன்னொருவர், வடுவின் வெளிப்புறம் மரத்துப்போயிருப்பதால் ஊன்றும்போது வேறு யாருடைய காலோ போல இருக்கிறது என்பார். மூன்றாமவர் உள்ளே வைத்த இரும்பு உடைந்துவிடும் என்று பயப்படுவார். நாலாமவர், செய்யக் கூடாதென்று சொன்னார்கள் என்பார், யார் சொன்னதென்று கேட்டால் பக்கத்துக் கட்டிலில் இருந்தவராக இருக்கும். நால்வருக்கும் உங்கள் தாளில் ஒரே பூச்சியம். காயம் நன்கு ஆறிய பிறகு முழங்காலை ஊன்றுவதால் செயற்கை மூட்டு பழுதாகிவிடும் என்பதற்கு எனக்குத் தெரிந்து சான்றில்லை. அந்த மரத்த உணர்வும் தோலுக்கு உணர்வூட்டும் சிறு நரம்புக் கிளை வெட்டுப்படுவதால் வருவது, ஆபத்தானதன்று. மடித்த கம்பளி ஒன்றை நிலத்தில் விரித்து, கதிரையைப் பிடித்தபடி ஊன்றிப் பார்க்கச் சொன்னால், முடியாது என்றவர்களுள் கணிசமானோர் என் கண்முன்னே ஊன்றியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் இரண்டாவது தாளில் ஒவ்வொரு செயலுக்கும், செய்கிறேன், செய்து பார்த்தேன் முடியவில்லை, செய்து பார்க்கவில்லை என்ற மூன்றையும் பிரித்து வையுங்கள். செய்து பார்க்காதவரிடம் காரணத்தையும் கேளுங்கள். ஆலோசனையின் விளைவை மூட்டின் குறையாக எழுதிவிடக் கூடாது.

முழங்காலை ஊன்றுவது வேறு, குந்துவது வேறு என்பதையும் படிவத்தில் கலக்காதீர்கள். படி ஏறி இறங்க 90 முதல் 100 பாகை வரை மடங்கினால் போதும். தாழ்வான கதிரையிலிருந்து எழும்ப அதைவிடச் சற்றுக் கூட வேண்டும். முழுதாகக் குந்துவதற்கு 120 ஐத் தாண்ட வேண்டும். மாற்று முழங்கால்கள் பெரும்பாலும் 110 முதல் 120 வரை மடங்கி நின்றுவிடுகின்றன. பிறகு எவ்வளவு மடங்கும் என்பதை முன்கூட்டிக் காட்டும் மிக நல்ல அடையாளம், சத்திரசிகிச்சைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதுதான். எனவே உங்கள் புனைபெயருக்கேற்பக் கோணமானியைக் கையில் எடுத்து, நோயாளரைப் படுக்க வைத்து, முன்னும் பின்னும் ஒரே முறையில் அளந்து எழுதுங்கள். கண்மதிப்பு வேண்டாம். முழுதாக நீட்ட முடிகிறதா என்பதையும் அளவுங்கள். மடக்கத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு நீட்டலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஆனால் பத்துப் பாகை நீளாத கால் நொண்டத்தான் செய்யும்.

பழைய கத்தி ஐயா கோபிக்கக் கூடாது. தேங்காய் துருவுவதை நான் சிறு விடயமாக எடுக்கவில்லை. நிலத்திலிருந்து எழும்பத் தெரியாத ஒருவர் கிணற்றடியில் விழுந்தால், ஆள் வரும் வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்று. முழங்கால் மாற்றிய குழுவை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னேற்றம் முழுவதும் கத்தியால் வந்தது என்று எழுத முடியாது. டென்மார்க்கில் 100 நோயாளரை இரு குழுவாகப் பிரித்துச் செய்து 2015 இல் வெளியான பரிசோதனையில், சத்திரசிகிச்சையுடன் பயிற்சியும் பெற்றவர்கள், நூறு புள்ளி அளவுகோலில் ஒரு வருடத்தில் 32.5 புள்ளி முன்னேறினர். பயிற்சி, எடைக்குறைப்பு போன்றவற்றை மட்டும் பெற்றவர்கள் 16 புள்ளி முன்னேறினர். சத்திரசிகிச்சை தெளிவாக வென்றது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் அந்தப் பக்கமே அதிகம், 24க்கு 6. கத்தியில்லாத குழுவில் அந்த ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள் நால்வரில் ஒருவர்தான். உங்கள் நோயாளர் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் எத்தனை தடவை இயன்மருத்துவத்துக்கு வந்தனர் என்பதையாவது எழுதி வையுங்கள்.

மறுமொழி 5
எழுதியவர்: கோப்பாய் ஆசிரியர்

நான் வைத்தியன் அல்லன். முப்பத்தொரு வருடம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். மூன்று வருடங்களுக்கு முன் வலது முழங்காலை மாற்றிக்கொண்டவன். நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் தாளை நிரப்ப வேண்டிய ஆளின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளை, முதலில் உங்கள் வினாக்களில் "வலி" என்ற சொல்லை எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். எமது பக்கத்தில் வயதானவர் வலி என்று சொல்வது குறைவு. நோ என்பார், உளைவு என்பார், குத்து என்பார், விறைப்பு என்பார். இவை ஒன்றல்ல. எனக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் இருந்தது நோ. படி இறங்கும்போது ஊசி ஏற்றியது போல வந்தது குத்து. இப்போது மாலையில் இருப்பது உளைவு. அதை நான் நோ என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். "நோ இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பேன், "உளைகிறதா?" என்றால் ஆம் என்பேன். இரண்டுக்கும் நீங்கள் எத்தனை புள்ளி போடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்து, என் இடது முழங்கால் இன்னும் பழைய முழங்கால்தான். நொண்டுகிறீர்களா என்றால் நொண்டுகிறேன். ஆனால் அது மாற்றிய காலின் குற்றமல்ல. சந்தைக்குப் போக முடியாததும் அப்படியே. மற்றக் காலின் நிலையையும், முதுகின் நிலையையும் தனியே கேட்காவிட்டால், நல்ல பிள்ளைக்குக் கெட்ட பிள்ளையின் அடி விழும்.

எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பதும் பெரிய விடயம். இரண்டாம் மாதத்தில் யாராவது என்னிடம் வந்திருந்தால், ஏன் இதற்கு ஒப்புக்கொண்டேன் என்று அழுதிருப்பேன். எட்டாம் மாதத்தில் சைக்கிளில் ஏறினேன். ஆசனத்தை இரண்டு விரல் உயர்த்த வேண்டியிருந்தது. அன்று கேட்டிருந்தால் 48 க்கு 60 போட்டிருப்பேன்.

"திருப்தியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அரச வைத்தியசாலையில் கட்டணம் வாங்காமல் செய்து தந்திருக்கிறார்கள், தாதிமார் இரவிரவாக விழித்திருந்து பார்த்தார்கள். இதற்குப் பிறகு ஒருவர் திருப்தியில்லை என்று எப்படி வாய் திறப்பார்? அது நன்றி மறந்த பேச்சாகவே அவருக்குப் படும். மற்ற முழங்காலுக்கும் இதையே செய்ய ஒப்புவீர்களா என்று கேளுங்கள். என்னிடம் கேட்டால் ஒப்புவேன், ஆனால் வெங்காயம் நடுகிற காலம் முடியட்டும் என்பேன்.

மறுமொழி 6
எழுதியவர்: கோணமானி, யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அனுமதி கேட்டு ஒக்ஸ்போர்டுக்கு எழுதியாயிற்று; மருத்துவ பீடத்தின் நெறிமுறை மீளாய்வுக் குழுவுக்குரிய விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். 60 பேரைப் பற்றிய பகுதி, இன்றைய நிலையை மட்டும் சொல்லும் தனிப் பகுதியாக நிற்கும். இனிச் சேர்பவர்களிடம் திகதி குறிக்கும் நாளிலும், ஆறாம் மாதத்திலும், ஒரு வருடத்திலும் கேட்பதென்று முடிவு. வினாக்களைக் கேட்கப்போவது எமது பிரிவுடன் தொடர்பில்லாத ஒருவர். நோயாளரின் கூச்சத்தைப் பற்றி மட்டும் நிபுணரிடம் பேசினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம்முடைய தாயார்கூடத் தம்மிடம் மருந்து முடிந்துவிட்டது என்று சொல்வதில்லை என்றார்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி நோ, உளைவு, குத்து, விறைப்பு நான்கையும் இரண்டாவது தாளில் தனித்தனியே கேட்கிறோம். மற்ற முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் ஒரு வரி வைத்தோம். தொற்று பூச்சியமாக வந்தாலும் மேல் எல்லையைப் பக்கத்தில் எழுதுவதென்று நிபுணரே சொல்லிவிட்டார். பழைய கத்தி ஐயாவின் பட்டியல் முழுவதும், இடது வலது உட்பட, முதற் பக்கத்தில் இருக்கிறது.

அந்த 71 வயது அம்மா சென்ற செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். இயன்மருத்துவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, மடித்த கம்பளியில் ஊன்றிப் பார்க்க விருப்பமா என்று கேட்டேன். கதிரையின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, ஊன்றி, ஒரு நிமிடமளவில் நின்றார். எழும்புவதற்குத்தான் பெரும்பாடு பட்டார். எழும்பியதும் நோகவில்லை, பயம்தான் என்றார். மிகுந்த சிரமத்துடன் முடியும் என்ற விடைக்கு ஒரு புள்ளி. ஒத்திகைத் தாளில் பூச்சியத்தை வெட்டி ஒன்று என்று எழுதினேன். அது ஆய்வில் சேராது என்றாலும் எழுதினேன்.

அன்று மாலை நிபுணரிடம் அந்தத் தாளைக் காட்டி, முழங்காலை ஊன்றக் கூடாது என்ற ஆலோசனையை இனி எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படி நான் சொன்னேனா?" என்று கேட்டார்.